ஆட்டம் நின்ற துப்பாக்கி

"என் துப்பாக்கியை யாரோ ரிப்பேர் பண்ணிட்டாங்க" என்றார் கங்காதரன்.

ஷோபாவின் உதவியாளர் எட்மண்ட் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தார். கே.ஜி.எஃப். ராபர்ட்சன்பேட்டையில் பேக்கரி மாடியில் ஷோபாவின் துப்பறியும் அலுவலகம் திறந்து மூன்று வருஷம் ஆகிறது. காணாமல் போனதைத் தேடி வந்தவர்கள் உண்டு. உடைத்தது யார் என்று கேட்டு வந்தவர்களும் உண்டு. கெட்டுப்போன ஒன்று சரியாகிவிட்டது என்று புகார் கொடுக்க வந்த முதல் ஆள் இவர்தான்.

"எங்க வீட்டு மிக்ஸி நாலு மாசமா ஓடல சார். அந்த ஆளு கிடைச்சா எனக்கும் அட்ரஸ் குடுங்க" என்றார் எட்மண்ட்.

கங்காதரன் சிரிக்கவில்லை. அறுபத்தாறு வயது. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் பெயிண்ட், பூட்டு, ஆணி விற்கும் பெரிய கடை அவருடையது. கடைக்காரருக்கே உரிய வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. ஆனால் கண்கள் அடிக்கடி எட்மண்டின் தட்டுக்குப் போய்ப் போய் வந்தன.

ஷோபா அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைப் பதினைந்து வருஷம் துருவியவள். எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதைவிட எதைப் பார்க்கிறார் என்பதுதான் அவளுக்கு முக்கியம்.

"முழுசா சொல்லுங்க சார்."

"வெள்ளைக்காரன் காலத்து மிலிட்டரி ரைஃபிள் மேடம். பாயிண்ட் டூ டூ. இங்க தங்க மைன்ஸ்ல வாலண்டியர் படைக்குப் பயிற்சி குடுக்க வெச்சிருந்தாங்க. எங்கப்பா ஏலத்துல எடுத்தார். லைசென்ஸ் இப்ப என் பேர்ல இருக்கு. குழல் மேல, பின்னாடி, குறி பாக்கறதுக்கு ஒரு தகடு நிக்கும். அது எங்கப்பா காலத்துலேர்ந்தே ஆடும். துப்பாக்கியைக் கையில எடுத்தாலே டிக் டிக்னு சத்தம் வரும். முந்தாநாள் எடுத்தேன், சத்தம் இல்ல. தகட்டைப் பிடிச்சு அசைச்சுப் பாத்தேன். அசையல."

"நல்லதுதானே சார்?"

"பீரோவுல சும்மா கிடக்கற துப்பாக்கிக்கு எதுக்கு மேடம் குறி? எவனோ குறி பாக்கப் போறான். அதுக்குத்தான் சரி பண்ணியிருக்கான்."

எட்மண்ட் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மைன் மூடும் வரைக்கும் பதினெட்டு வருஷம் கேஜ் ஓட்டியவர் அவர். ஆட்களை ஏற்றி பூமிக்குள் இறக்கும் அந்த இரும்புக் கூண்டில் திடீரென்று ஒரு சத்தம் வந்தால் பயப்பட மாட்டார். வழக்கமாக வரும் சத்தம் வராமல் போனால்தான் பயப்படுவார்.

"போலீஸ்ல ஒப்படைச்சிடலாமே" என்றாள் ஷோபா.

"போலீஸ் வேணாம்." பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. "எனக்கு யாருன்னு தெரிஞ்சாப் போதும்."

"சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என் அரைஞாண் கயித்துல. இன்னொண்ணு கடைக் கல்லாவுல, வாங்கினப்ப இருந்த மாதிரியே கிடக்குது. கல்லாவை நான்தான் தொறப்பேன்."

"வீட்டுல யார் யாரு?"

"நான், சம்சாரம் சாரதா, பையன் ஹரிஷ்குமார்." கொஞ்சம் நிறுத்தினார். "மருமக."

மருமகளுக்கு மட்டும் பேர் இல்லை என்பதை எட்மண்ட் குறித்துக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு" என்றாள் ஷோபா. "வீட்டுல சாப்பிட்டு எத்தனை நாள் ஆச்சு சார்?"

கங்காதரனின் முகம் வெளுத்தது. "ரெண்டு நாள். உங்களுக்கு எப்படி..."

"சட்டையில ரெண்டு வேளை ஓட்டல் சாம்பார் இருக்குது. அதோட எங்க அண்ணன் பன்னை நீங்க பாக்கற பார்வை."

எட்மண்ட் தட்டை அவர் பக்கம் தள்ளினார். அவர் எடுத்துச் சாப்பிட்டார்.

*

வீடு பஜாருக்குப் பின்தெருவில் இருந்தது. தெருமுனைச் சுவரில் வியாபாரிகள் சங்கத் தேர்தல் சுவரொட்டிகள். ஒன்றில் கங்காதரன் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில், இரண்டு மடங்கு பெரிய சுவரொட்டியில், இப்போதைய தலைவர் விநாயக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவை அவர்கிட்ட தோத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கங்காதரன் கேட்டைத் திறந்தார்.

கூடத்தில் இரண்டு புகைப்படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று பதிவாளர் ஆபீசில் எடுத்த கல்யாணப் படம். மாலையோடு ஹரிஷ்குமாரும் பெண்ணும் நின்றார்கள், பெரியவர்கள் ஒருவரும் இல்லை. இன்னொன்று காலேஜ் என்.சி.சி. முகாமில் எடுத்தது. காக்கி உடுப்பில் இருபது பேர், கல்யாணப் படத்துப் பெண்ணும் அதில் இருந்தாள். ஷோபா இரண்டாவது படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

மாடியில் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கங்காதரன் பீரோவைத் திறந்து துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். குழலின் முனைவரை மரம் போர்த்திய கனமான சாமான். ஷோபா பூதக்கண்ணாடியை எடுத்துப் பின்பக்கத் தகட்டின் அடியைப் பார்த்தாள்.

"இதைப் பிடிச்சிருக்கற ஆணி புதுசு. துருவே இல்ல. அண்ணா, ஆணியோட முனை எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

எட்மண்ட் குனிந்தார். "வட்டம்தான். ஆனா ஒரு பக்கம் தட்டையா கீது. தேங்கா பன்னுல ஒரு ஓரத்தைக் கத்தியால வெட்டின மாதிரி."

"ஒரு பக்கம் மட்டும் தட்டையா இருக்கற எஃகுக் கம்பி எதுல வரும்?"

எட்மண்ட் யோசித்தார். மாடியில் மிஷின் நின்றது. அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். "தையல் மிஷின் ஊசியோட தலை. மிஷின்ல திரும்பாம உக்காரணும்னு ஒரு பக்கம் தட்டி வெச்சிருப்பாங்க."

கங்காதரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஏற்கெனவே தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்ட முகம் அது.

சாரதா காபி கொண்டுவந்தாள். அவள் பின்னாலேயே மாடிப்படி இறங்கி வந்தாள் மருமகள். முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது.

"யாரு மாமா இவங்க?"

"இன்சூரன்ஸ்காரங்க."

அவள் பார்வை மேஜைமேல் இருந்த துப்பாக்கிக்குப் போனது. ஒரு விநாடி அந்தத் தகட்டின்மேல் நின்றுவிட்டு நகர்ந்தது. "காபி ஆறுது மாமா" என்றாள்.

"அப்புறம் குடிக்கிறேன்."

அவள் மாடிக்குத் திரும்பிப் போனாள். ஷோபா சாரதாவோடு சமையலறைவரை போய்ப் பேச்சுக் கொடுத்தாள். எட்மண்ட் வாசல்படியில் நின்றபடி காது கொடுத்தார்.

"பேரு சுமா. ஊரிகத்துல மைன் தொழிலாளிங்க லைன் வீட்டுப் பொண்ணு" என்றாள் சாரதா தணிந்த குரலில். "அவங்க அப்பா மைன்ல தண்டவாளத்துல கல்லு வண்டி தள்ளினவர்னு இவருக்கு ஒரு இளக்காரம். கல்யாணத்துக்கு வரல. என் கடைப்படி ஏறக்கூடாதுன்னு முதல் நாளே சொல்லிட்டார். நாலு வருஷம் ஆச்சு. அவளும் ரோஷக்காரி, இன்னி வரைக்கும் அந்தப் படியை மிதிக்கல. ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசினதே இல்ல. இப்பதான் பத்து நாளா ஒண்ணு ரெண்டு வார்த்தை பேசிக்கறாங்க. எனக்கு அதுவே சந்தோஷமா இருக்குது."

*

"கே.ஜி.எஃப்.ல தையல் மிஷின் மெக்கானிக் நாலு பேரு" என்றார் எட்மண்ட் ஆட்டோவில் ஏறியதும். "ஒருத்தன் கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினு படுத்துக்கினு கீறான். ரெண்டு பேருக்கு மிஷினே சரியா பண்ண வராது. ஊரிகத்துக்குப் போங்க டிரைவர்."

ஊரிகம் ஸ்டேஷனுக்கு எதிரே லைன் வீடுகளின் கடைசியில் ஜோஸின் பட்டறை இருந்தது. மைன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து, மூடிய பிறகு மிஷின் ரிப்பேரில் இறங்கியவன். எட்மண்ட் சுற்றி வளைக்கவில்லை.

"ஜோசு, போன வாரம் துப்பாக்கி ரிப்பேர் பண்ணியா?"

ஜோஸ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "தப்பா அண்ணா? நம்ம லைனுப் பொண்ணாச்சேன்னு பண்ணேன். சுமா. மிஷின் சர்வீஸ் பண்ணணும் வாங்கண்ணான்னு போன்ல கூப்டுச்சு. போனா, பீரோவைத் தொறந்து இத்தக் காட்டுது. 'பேக்சைட் ஆடுதுண்ணா, ஆடாம பண்ணிக் குடுங்க'ன்னுச்சு."

"பேக்சைட்டுன்னே சொன்னாளா?" என்றாள் ஷோபா.

"ஆமா மேடம். பின்னாடி குறி பாக்கற தகட்டுக்கு அப்படி ஒரு பேரு இருக்கறதே எனக்குத் தெரியாது. பழைய ஆணி தேஞ்சு போயி ஓட்டை பெரிசாயிருந்தது. பெரிய மிஷின் ஊசி ஒண்ணை வெட்டிப் போட்டேன், கரெக்டா உக்காந்துச்சு. அடியில மெல்லிசா பித்தளைத் தகடு ஒண்ணு சொருகினேன். அரை மணி நேர வேலை."

"பீரோ சாவி எப்படி இருந்தது?"

ஜோஸ் யோசித்தான். "புதுச் சாவி மேடம். பூட்டு வாங்கறப்ப சாவியில ஒரு சன்னக் கம்பி கோத்திருப்பாங்களே, அது கூடக் கழட்டல."

எட்மண்ட் ஷோபாவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வேற ஏதாவது சொன்னாளா?"

ஜோஸ் தயங்கினான். "வேலை முடிஞ்சதும் தோள்ல வெச்சு ரொம்ப நேரம் பாத்துச்சு. இன்னும் கொஞ்சம் ஆடுதுண்ணான்னுச்சு. பழைய சாமான்தானே, துளி ஆடினா இன்னா ஆயிடப் போதுன்னேன். 'ஆடினா ஒரு உசுரு போயிடும்ணா'ன்னுச்சு. சிரிச்சுக்கினு சொல்லல மேடம். எனக்கே ஒரு மாதிரி ஆயிட்ச்சு. கழட்டி இன்னொரு தகடு வெச்சு மறுபடி மாட்டினேன்."

*

ஆட்டோ ஆண்டர்சன்பேட்டைக்குத் திரும்பியது. இடது பக்கம் சயனைடு மேடு, தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண் மலைமலையாக, வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"முடிஞ்சுது" என்றார் எட்மண்ட். "படி ஏறாதேன்னு சொன்ன மாமனார். என்.சி.சி.யில சுடக் கத்துக்கின மருமக. பேக்சைட்டுன்னு சரியான பேர் தெரியுது. உசுரு போயிடும்னு அவளே சொல்லியும் இருக்கா. நான் கேஜ் ஓட்டினப்ப கூட இவ்ளோ நேரா ஒரு பாதையைப் பாக்கல மேடம்."

"கேஜ் மேலயும் போகும், கீழயும் போகும் இல்ல?"

"போகும்."

"ஜோஸ் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

"ஆடினா ஒரு உசுரு போயிடும்."

"அப்போ ஆடலைன்னா?"

எட்மண்ட் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "போகாது" என்றார் மெதுவாக.

"கொல்லணும்னு நினைக்கறவ, ஆடினா குறி தப்பிடும்னுதானே கவலைப்படுவா? இவ ஆடினா உசுரு போயிடும்னு பயப்படறா. இவ எங்கயோ ஒரு இடத்துல, யாருக்கோ பக்கத்துல, யார் மேலயும் படாம சுடப் போறா. அது தப்பாம தப்பணும்."

"எதுக்கு மேடம்?"

"சாவி சொல்லுது. அது கல்லாவுல இருந்த சாவி. கல்லாவை அவர் ஒருத்தர்தான் தொறப்பார். சுமா அந்தக் கடைக்குள்ள கால் வெச்சதே இல்ல. சாவிக்குக் கால் கிடையாது அண்ணா. அவரே எடுத்து அவ கையில குடுத்திருக்கார். பத்து நாளா ரெண்டு பேரும் பேசிக்கறாங்கன்னு சாரதாம்மா சந்தோஷப்பட்டாங்களே, இதைத்தான் பேசியிருக்காங்க."

எட்மண்டுக்குத் தேர்தல் சுவரொட்டி ஞாபகம் வந்தது. ஒரு குண்டு மட்டும் வெடித்தால், சுட்டது யார் என்று யாரும் யோசிக்க மாட்டார்கள், அனுதாப ஓட்டெல்லாம் கங்காதரனுக்கு விழும். ஆத்திரத்தோடு விநாயக் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும்.

ஷோபா போனை எடுத்தாள். "கங்காதரன் சார், வரோம். எல்லாரையும் வீட்டுல இருக்கச் சொல்லுங்க. உங்க பையனையும்."

*

ஹரிஷ்குமார் பேத்தமங்களா போயிருந்தான், வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஷோபா அவனுக்காகக் காத்திருக்கவில்லை. சுமாவையும் சாரதாவையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, கங்காதரனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களை எங்க நிக்க வெச்சு சுடறதா ஏற்பாடு சார்?"

சாரதாவின் கையிலிருந்த டம்ளர் மேஜையில் தட்டென்று உட்கார்ந்தது. கங்காதரன், இறக்கி வைத்தால் போதும் என்பது போல, எல்லாவற்றையும் சொன்னார்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு சயனைடு மேட்டோரம் அவர் வழக்கமாக நடக்கப் போவார். வேப்பமரத்தடியில் நிற்பார். பழைய பம்ப் ஹவுஸ் சுவருக்குப் பின்னாலிருந்து சுமா மரத்தில் சுடுவாள். சுட்ட கையோடு துப்பாக்கியைப் பக்கத்தில் பாழடைந்து கிடக்கும் சுரங்க ஷாஃப்டில் போட்டுவிடுவாள். தண்ணீர் நிறைந்த அந்தக் குழிக்குள் இறங்கி எவனும் தேட முடியாது. துப்பாக்கி திருடு போய்விட்டது என்று இன்றைக்குச் சாயங்காலமே ஒரு புகார்.

"விநாயக் பேரை நான் சொல்றதா இல்ல" என்றார். "ஊரே சொல்லிடும்."

"அப்புறம் ஏன் எங்ககிட்ட வந்தீங்க?"

"தகட்டைப் பாத்தேன். ஆடல. தப்பிப் போகப் போற குண்டுக்கு எதுக்குக் குறி? நான் அவகிட்ட சரி பண்ணச் சொல்லவே இல்லியே. அப்பதான் உறைச்சுது. யார் கையில துப்பாக்கியைக் குடுத்திருக்கேன்னு." அவர் சுமா பக்கம் பார்க்கவில்லை. "துப்பாக்கியைத் திருப்பிப் பூட்டிடலாம். ஆனா தினமும் எனக்குச் சோறு போடறவ மனசுல இன்னா இருக்குன்னு தெரியாம இந்த வீட்டுல எப்படி இருக்கறது?"

சுமா எழுந்தாள். குரல் உயரவில்லை.

"மரத்துக்கும் உங்களுக்கும் ரெண்டடி தூரம் மாமா. பேக்சைட் அந்த ஆட்டம் ஆடினா, நான் மரத்தைப் பாத்து சுட்டாலும் உங்க நெஞ்சுல பட்டிருக்கும். அதனாலதான் ஜோஸ் அண்ணாவைக் கூப்பிட்டேன். உங்ககிட்ட சொன்னா, இவளுக்கு இன்னா தெரியும்னுவீங்க. அதான் சொல்லல."

கங்காதரன் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்படி ஒரு வேலைக்கு நீ ஏம்மா ஒத்துக்கினே?" என்று எட்மண்ட் கேட்டார். கிண்டல் எதுவும் அதில் இல்லை.

"நாலு வருஷத்துல மாமா என்கிட்ட கேட்ட முதல் விஷயம் சார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார். தப்புன்னு தெரியும். முடியாதுன்னு சொல்ல வாய் வரல. என்னை நம்பித்தான் கேக்கறார்னு நினைச்சேன். பத்து நாளா எனக்கு அந்த நினைப்புதான்."

சாரதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கங்காதரனின் உதடு அசைந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று எட்மண்ட் நினைத்தார். விஷயம் இத்தோடு நல்லபடியாக முடிந்துவிடும் என்றும் தோன்றியது.

ஆனால் ஷோபா சுவருக்குப் போய் அந்த என்.சி.சி. படத்தைக் கழற்றி மேஜைமேல், துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சார். இந்த முகாம்ல சுமா இருக்கா. ரெண்டாவது வரிசையில உங்க பையனும் இருக்கார். அவர் கழுத்துல மெடல் இருக்குது. சுமா கழுத்துல இல்ல. யார் நல்லா சுடுவாங்க?"

"ஹரிஷ்தான்" என்றாள் சுமா. "என்னைவிட நல்லா சுடுவார்." சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. மாமனாரைப் பார்த்தாள். "அவர்கிட்ட ஏன் மாமா கேக்கல?"

கங்காதரன் பார்வையைப் படத்திலிருந்து திருப்பிக்கொண்டார்.

"கேக்கறாள்ல, பதில் சொல்லுங்கப்பா."

வாசலில் ஹரிஷ்குமார் நின்றுகொண்டிருந்தான். ஹெல்மெட் இன்னும் கையில் இருந்தது. எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று யாருக்கும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் போதுமான அளவு கேட்டிருந்தான் என்று தெரிந்தது.

"மாட்டினா ஜெயில். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்களைப் பிடிக்காத மருமக சுட்டான்னா ஊரும் நம்பும், போலீசும் நம்பும். அதுக்குத்தான் அவளா?"

கங்காதரன் மகனைப் பார்த்தார். வியாபாரத்தில் நாற்பது வருஷம் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவர். கடைசியில் வாயிலிருந்து வந்தது மூன்று வார்த்தை.

"நீ என் புள்ளடா."

சுமா மட்டும் புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினாள். கழுத்திலிருந்த இஞ்சு டேப்பை எடுத்துச் சுருட்டினாள். ரவிக்கைக்குள்ளிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். கம்பி இன்னும் அதில் இருந்தது. பிறகு மாடிக்குப் போனாள். ஹரிஷ்குமார் பின்னாலேயே போனான்.

"துப்பாக்கியை இன்னிக்கே ஸ்டேஷன்ல ஒப்படைக்கறீங்க" என்றாள் ஷோபா. "வேட்பு மனுவை வாபஸ் வாங்கறீங்க. ரெண்டும் நடக்கலைன்னா நாளைக்குக் காலையில விநாயக் வீட்டுல காபி குடிச்சுக்கிட்டே இதெல்லாம் சொல்லிட்டு வருவேன்."

அவர் தலையசைத்தார். எதற்குத் தலையசைக்கிறோம் என்று தெரியாதவர் மாதிரி இருந்தது.

கால் மணி நேரத்தில் இரண்டு பெட்டிகள் கீழே வந்தன. தையல் மிஷின் கனம். ஒரு பக்கம் ஹரிஷ்குமார் பிடிக்க, மறுபக்கம் எட்மண்ட் பிடித்தார். படியில் இறங்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. அவர் வந்த ஆட்டோவிலேயே மிஷினை ஏற்றினார்கள். சுமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஊரிகம்" என்றாள் டிரைவரிடம்.

கங்காதரன் வாசலுக்கு வந்திருந்தார். "சுமா" என்று கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள், மரியாதைக்கு. அவர் வாசல்படியை விட்டு இறங்கவில்லை.

அப்போது சாரதா உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு துணிப்பை. செருப்பை மாட்டிக்கொண்டாள். கணவரைத் தாண்டிப் படி இறங்கிப் போய் ஆட்டோவின் அருகில் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றாள் மருமகளிடம். "நானும் வரேன்."